மகரகேசியின் இடது காது

ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்திலிருந்து ஒரு தாளை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் வன்னியபெருமாள் கவனித்தான். காது பக்கம் மாறியிருந்தது.

படத்தில் வேறு குறை ஒன்றும் இல்லை. கருநீல அலைகளுக்கு மேலே திமிங்கில எலும்புகளால் ஆன சிம்மாசனம். அதில் ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டு, உலகத்தை ஒரு வாய் வெற்றிலையாக மென்று துப்பப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள் மகரகேசி. ஏழு தீவுகளைச் சபித்துக் கடலுக்குள் இறக்கியவள். தன்னைக் கொல்ல வந்த இளவரசர்களைச் சுறாக்களாக்கி வாசலில் காவல் வைத்தவள். ஒரு காதில் தோளைத் தொடும் பாம்படம். இன்னொரு காது நடுவில் அறுந்து இரண்டு கயிறாகத் தொங்கியது. நாற்பது வாரமாக அறுந்து தொங்கியது இடது காது. இந்த வாரம் வலது காது. வாளும் இடது கைக்குப் போயிருந்தது.

எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கல்லச்சில் எதையும் திருப்பித்தான் வரைய வேண்டும். கல்லில் வலப்பக்கம் வரைந்தது காகிதத்தில் இடப்பக்கம் விழும். உப்பு மூட்டைச் சீட்டு, நிலாவாரை இலைப் பெட்டிச் சீட்டு, தீப்பெட்டிச் சீட்டு என்று எட்டு வருஷமாக வரைந்து வரைந்து உலகத்தையே திருப்பிப் பார்க்கப் பழகிவிட்ட கை அவனுடையது. எதிரே சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி வைத்துக்கொண்டு அதில் பார்த்துச் சரி செய்துகொள்வான். போன வாரம் முதலாளி கிருபாநிதி மதராஸிலிருந்து ஒரு புதுக் காகிதம் வரவழைத்தார். பசை தடவிய காகிதம். அதில் நேராகவே வரையலாம். வரைந்ததைக் கல்லின்மேல் கவிழ்த்து அழுத்தினால் படம் தானாகத் திரும்பிக் கல்லில் ஏறிக்கொள்ளும். இனிமேல் கண்ணாடி வேண்டாம், தலைவலி வேண்டாம் என்று முதலாளிக்கு ஏக சந்தோஷம். வன்னியபெருமாளும் கவனமாகத்தான் உட்கார்ந்தான். ஆனால் எட்டு வருஷப் பழக்கம் அவனைக் கேட்காமலே அந்தக் காகிதத்திலும் திருப்பி வரைந்துவிட்டது. தலைப்பு எழுத்துக்களை வேறொருவர் எழுதினார். அவை நேராக வந்தன. மகரகேசி மட்டும் புரண்டுவிட்டாள்.

கல்லைத் தேய்த்துவிட்டு நாளைக்குள் மறுபடி வரைந்து தருகிறேன் என்று அவன் கிருபாநிதியிடம் போய்க் கெஞ்சினான். யுத்தம் முடிந்து மூன்று வருஷமாகியும் காகிதத்துக்கு இன்னும் கட்டுப்பாடுதான். பாதித் தாள்கள் ஏற்கெனவே ஓடிவிட்டன. கிருபாநிதி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“அவ மாயக்காரிதானே, பெருமாளு? நெனச்ச காத நெனச்ச பக்கம் வச்சுக்கிடுவா. நீ மிசின ஓட்டச் சொல்லு.”

அறையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். வன்னியபெருமாளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாசகர்களில் ஒருவர்கூட இதைக் கவனிக்கப் போவதில்லை என்று அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் அந்தக் காதை வாசகர்களுக்காக வரையவில்லை. நாலு மைல் தள்ளி, மாப்பிள்ளையூரணியில் இருக்கும் ஒரே ஒருத்திக்காக வரைந்தான். அவள் பார்க்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் நாற்பது வாரம் வரைந்திருந்தான்.

‘முத்தொளி’ வாரப் பத்திரிகை தூத்துக்குடியிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த காலம் அது. உள்ளே எல்லாம் சாதாரண அச்சு. அட்டை மட்டும் கல்லச்சில் இரண்டு வர்ணம். வெள்ளிக்கிழமை காலையில் கடைகளின் முன்னால் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற மாதிரி முத்தொளியைத் தொங்கவிடுவார்கள். ஹார்பருக்கு வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அட்டையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கொழும்புத் தோணிகளில் கட்டுக்கட்டாக ஏறிப்போய் அக்கரையிலும் விற்றது. அத்தனைக்கும் காரணம் ‘ஏழுதீவு மர்மம்’ தொடர்கதைதான். எழுதியவர் வேதமணி, பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கணக்குப் பாடம் நடத்துகிற அதே முகத்தோடு இளவரசிகளைக் கடத்திக்கொண்டு போகிறவர்.

கதை தொடங்கிய புதிதில் வன்னியபெருமாள் கதாநாயகிக்கு ஒரு படம் வரைந்து கொடுத்தான். கறுத்த நிறம், அகன்ற தோள், இடுப்பில் ஒரு கை, வடித்து நீட்டிய காதில் பாம்படம். கிருபாநிதி அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். கதாநாயகி என்றால் சினிமாவில் வருகிற மாதிரி மெல்லிசாக, சிவப்பாக, சின்னக் காதில் ஜிமிக்கியோடு இருக்க வேண்டும். இது யாரோ கருப்பட்டி விற்கிற ஆச்சி மாதிரி இருக்கிறதே என்றார். வேண்டுமென்றால் இதை அந்த அரக்கிக்கு வைத்துக்கொள் என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்படித்தான் அவள் மகரகேசி ஆனாள். கதாநாயகிக்கு ஒத்துவராது என்று தள்ளிய எல்லாவற்றையும் வன்னியபெருமாள் அவளுக்குக் கொடுத்தான். கதாநாயகி வாரா வாரம் ஒரே மாதிரிக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள். மகரகேசியோ ஒரு வாரம் புயலை மடியில் போட்டுத் தாலாட்டினாள். ஒரு வாரம் முதலைக்குத் தலைவாரிவிட்டாள். ஒரு வாரம் அரசர்கள் வரிசையாக நின்று கும்பிட, அவர்களைப் பார்க்காமல் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மீன்வால் கிரீடத்தை வரைய அரை மணி நேரம் என்றால், அந்த இரண்டு காதுகளுக்கும் ஒரு பகல் ஆகும். காது ஏன் அறுந்திருக்கிறது என்று வேதமணி பல தடவை கேட்டார். அவன் சொல்லவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே ஒரு அத்தியாயத்தில் காரணம் எழுதிக்கொண்டார்: கடல் தனக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதற்காக மகரகேசி தன் காதை அறுத்துக் கடலுக்கே காணிக்கையாகக் கொடுத்தாளாம். வன்னியபெருமாள் அந்த அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தான். வாத்தியார் தெரியாமல் எழுதியது ஏறக்குறைய உண்மையாக இருந்தது.

அந்தக் காது முத்துக்கனியினுடையது. அவனுடைய அக்கா.

அவன் ஐந்து வயதில் அம்மாவை இழந்தவன். கல்யாணமாகிப் போயிருந்த அக்கா, அம்மாவின் பதினாறாம் நாள் முடிந்த கையோடு அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். மச்சான் வாயில்லாத மனுஷர், ஆட்சேபம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அக்காவிடம் நடந்திருக்காது. மாப்பிள்ளையூரணியில் அவள் குரலுக்கு நாய்கள்கூட எழுந்து வேறு தெருவுக்குப் போகும்.

அவனுக்கு ஏழு வயதாக இருந்தபோது கடற்கரையில் முத்துச் சலாபம் போட்டார்கள். முத்துக்குளிப்புக்கு அப்படித்தான் பேர். மணலில் ஒரே மாதத்தில் ஓர் ஊரே முளைத்துவிட்டது. ஓலைக் கொட்டகைகள், மிட்டாய்க் கடைகள், போலீஸ் கூடாரம், எங்கெங்கிருந்தோ வந்த வியாபாரிகள், அவர்கள் தலையில் பார்த்தேயிராத தினுசுத் தொப்பிகள். எல்லாவற்றுக்கும் மேலே சிப்பி அழுகுகிற நாற்றம். இன்றைக்கும் எங்காவது மீன் கெட்டுப்போன வாடை வந்தால் மற்றவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். வன்னியபெருமாள் மட்டும் ஒரு நிமிஷம் நின்று அதை உள்ளே இழுத்துக்கொள்வான். அவன் வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமான நாளின் வாசனை அது.

பகல் சாய்கிற நேரம் படகுகள் பாய் விரித்து ஒன்றாகக் கரைக்கு வந்தன. அத்தனை பாய்களை ஒரே இடத்தில் அவன் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அக்கா அவனைத் தோளில் ஏற்றி உட்காரவைத்துக் காட்டினாள். அதோ, முதல் பாயைப் பாருலே, ஒட்டுப் போட்ட பாயைப் பாருலே என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏலத்துக்குச் சிப்பி இறங்குகிறது என்று யாரோ கத்த, கூட்டம் ஒரேயடியாக முன்னால் பாய்ந்தது. அவன் பின்பக்கமாகச் சரிந்தான். பிடிப்பதற்குக் கையில் அகப்பட்டது அக்காவின் இடது காதுப் பாம்படம். அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். அவள் குனிந்திருந்தால் காது தப்பியிருக்கும். அவன் கூட்டத்தின் காலுக்குள் போயிருப்பான். அவள் குனியவில்லை. காது போகிற வரைக்கும் நிமிர்ந்தே நின்று, கையைப் பின்னால் வளைத்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். பிறகு ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் அவனை அணைத்துக்கொண்டு, வழியில் நின்ற ஆண்பிள்ளைகளையெல்லாம் முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். ரத்தம் அவன் முழங்கால் வரை வழிந்திருந்தது. அழுதது அவன்தான். அவள் அவனுக்கு ஒரு சீனிமிட்டாய் வாங்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு இருபது வருஷமாகச் சலாபம் இல்லை. அக்கா அந்தக் காதை ஒட்டவைத்துக்கொள்ளவும் இல்லை. வலது காதில் மட்டும் பாம்படம் ஆட, இடது காது இரண்டாகத் தொங்க, ஓலைக் கொட்டானில் கருப்பட்டியோடு சந்தைக்கு நடந்தாள்.

அவனுக்கு இருபது வயதில் பாளையங்கோட்டையில் பெண் பார்த்தார்கள். சண்முகவடிவு, எட்டாவது வரை படித்தவள். அவள் வீட்டில் எல்லாம் சரி என்றுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள். கல்யாணத்துக்குப் போட்டோ பிடிக்க ஆள் வருகிறார். மாப்பிள்ளைக்குத் தாய் ஸ்தானத்தில் நிற்கிறவர் அந்தக் காதை ஆஸ்பத்திரியில் கொடுத்துச் சின்னதாக்கித் தைத்துக்கொண்டால் பார்க்க நன்றாக இருக்கும். இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்துகொள்கிறார்கள். வேறு யார் மூலமாவது சொல்லியனுப்பியிருக்கலாம். அவனே போனான். கருப்பட்டியை அடுக்கிக்கொண்டிருந்த அக்காவின் முதுகைப் பார்த்து, “காதத் தச்சுக்கயேன்க்கா, இப்ப எல்லாரும் தச்சுக்கிடுதாவ” என்றான்.

அவள் திரும்பவில்லை. “மாட்டேன்லே” என்றாள். அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. போட்டோவில் அவள் நிற்க வேண்டிய இடத்தில் பெண்ணின் அத்தை நின்றாள். ஏழு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு தடவை சந்தையில் அவளைத் தூரத்திலிருந்து பார்த்தான். கிட்டே போகக் கால் வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சண்முகவடிவே சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். தன் பிறந்த வீட்டார் கேட்டது தப்பு என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது. மூன்று வயது மகள் அத்தையை ஒருநாளும் பார்த்ததில்லை. அவன் போகாமல் வரைந்தான். ஒரு நாள் அவள் இதைப் பார்ப்பாள், ஆத்திரம் தாங்காமல் நாலு பேர் முன்னால் வந்து தன்னைத் திட்டுவாள் என்று நினைத்தான். அவள் வாயிலிருந்து ஒரு வசவு வந்தால் போதும் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை முத்தொளி வெளிவந்தது. காது மாறியதைப் பற்றி ஒரு கடிதம்கூட வரவில்லை. திங்கட்கிழமை வேதமணி கடைசி அத்தியாயத்துக்கான குறிப்பைக் கொடுத்தனுப்பினார். இளவரசன் வென்றுவிட்டான். மகரகேசி அவன் காலடியில் தலைகுனிந்து விழுந்து கிடக்கிறாள். அவள் கழுத்துக்கு நேராக வாள். வன்னியபெருமாள் காகிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தான். இளவரசனின் செருப்பை மட்டும் வரைந்தான். அதற்கு மேல் ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். கிருபாநிதியே எழுந்து உள்ளே வந்தார். அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பெருமாளு, ஒன்னத் தேடி ஒரு அம்மா வந்திருக்கு. எனக்கு என்ன சொல்லுததுன்னு தெரியல. நம்ம அட்டையிலேருந்து எறங்கி வந்தாப்புல இருக்கு.”

அவன் எழுந்திருப்பதற்குள் முத்துக்கனி அறை வாசலுக்கு வந்துவிட்டாள். முந்தானையை இழுத்துத் தலையோடு காதையும் மூடிப் போட்டிருந்தாள். நாலு மைல் நடந்த புழுதி முழங்கால் வரை இருந்தது. முன்னைக்கு மெலிந்திருந்தாள், நெற்றியோரம் நரை. கையில் சுருட்டிப் பிடித்த முத்தொளி. ஒரு நிமிஷம் அவனை உச்சந்தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மாட்டுச் சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது அது.

“உசுரோடதான் இருக்கியாலே?”

“அக்கா...”

“எடது காது. எனக்கு அறுந்தது எடது காதுலே. ஒனக்கு அதுகூடவா மறந்துபோச்சு?”

கிருபாநிதி அவளையும் பார்த்தார், அவள் கையிலிருந்த அட்டையையும் பார்த்தார். நாற்பது வாரக் கதை அவருக்கு ஒரே நொடியில் புரிந்தது போலிருந்தது. ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டு வெளியே போனார்.

அவள் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். அவள் மகன் தாணுலிங்கம் ஹார்பரில் குமாஸ்தா ஆகிவிட்டான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து அவளுக்குப் படித்துக் காட்டுவான். கதையை அவள் காதில் வாங்குவதில்லை. படத்தைக் கையில் வாங்கி, காதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். காது இருந்த இடத்தில் இருந்தால் தம்பி நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். இந்த வாரம் பார்த்தால் வலது காது அறுந்திருக்கிறது.

“நீ வரைஞ்சா மாறாது. மாறிருக்குன்னா அத வரைஞ்சது வேற எவனோ. நீ ஏன் வரையல? மூணு நாளு சோறு எறங்கலலே எனக்கு. தாணுகிட்ட, போய்ப் பாத்துட்டு வாலேன்னா, நாளைக்கு நாளைக்குங்கான்.”

வன்னியபெருமாள் புதுக் காகிதத்தைப் பற்றிச் சொன்னான். திருப்பி வரைய வேண்டியது, நேராக வரைய வேண்டியது, கை தானாகத் திருப்பியது எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னான். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. “பழக்கதோசம்” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள். உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தபிறகு அவள் குரல் பழையபடி மேலே ஏறியது.

“சரிதான், என்னைய அரக்கியாக்கி ஊரு பூராக் கயித்துல தொங்கவிட்டிருக்க.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நாற்பது வாரமாக எதிர்பார்த்தது இதைத்தான். ஆனால் வசவு வரவில்லை. அவள் வாயோரத்தில் ஏதோ அசைந்தது.

“மொத ரெண்டு வாரம் ஒன்ன வெட்டிப்போடணும்னுதான் இருந்துது. பெறவு பாத்தா, சந்தையில ஒருத்தனும் எங்கிட்ட எடையில வெளையாட மாட்டேங்கான். மகரகேசி வாராளேன்னு வழி விடுதானுவ. கருப்பட்டிப் பெட்டி மேல ஒட்டி வச்சிருக்கேன். எறும்புகூட ஏறலலே.”

இருவரும் சிரித்தார்கள். அடுத்த அறையில் இயந்திரம் மட்டும் தடதடத்தது. முத்துக்கனி முந்தானை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே, தாணுவுக்குப் பெண் அமைந்திருக்கிறது என்றாள். சாத்தான்குளம் பக்கம். பெண்ணின் அப்பா வாத்தியார். நல்ல மனுஷர்கள். எல்லாம் சரி என்றுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“வியாழக்கெழம வரச் சொல்லிருக்காவ, மிசன் ஆஸ்பத்திரிக்கு. ரெண்டையும் அறுத்துட்டுச் சின்னதா வச்சுத் தச்சுருவாவளாம். வலிக்காதாம்.”

“வேண்டாங்கா.”

அவள் அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. சந்தையில் விலை சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

“இத நீ அன்னைக்குச் சொல்லிருக்கணும்.”

மேஜைமேல் கிடந்த, கல்லில் வரைகிற கொழுப்புப் பென்சிலை எடுத்தான், வைத்தான். இன்னொரு தடவை வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். அதைச் சொல்ல இந்த உலகத்திலேயே உரிமையில்லாத ஒரே ஆள் தான்தான் என்பதும் தெரிந்தது.

“ஒருத்தன்கிட்ட மாட்டேன்னு சொல்லிட்டு ஏழு வருசம் அவன் மூஞ்சியப் பாக்காம இருந்தேன்” என்றாள். “இன்னொருத்தன்கிட்டயும் அதையே சொல்லச் சொல்லுதியா? எனக்கு இப்ப அந்தத் தெம்பு இல்லலே.” பிறகு கையிலிருந்த முத்தொளியை மேஜைமேல் போட்டாள். “அதுக்கு முன்ன என்னைய நேர்ல வச்சு ஒருக்க ஒழுங்கா வரைஞ்சிரு. மனசுல இருக்கத வச்சு வரைஞ்சா இப்பிடித்தான், பக்கம் மாறிப்போவும்.”

வன்னியபெருமாள் எழுந்து அந்தப் பசைக் காகிதத்தை, அதிலிருந்த இளவரசனின் செருப்போடு சேர்த்துச் சுருட்டி மூலையில் வைத்தான். அலமாரியின் அடித்தட்டிலிருந்து நன்றாகத் தேய்த்த ஒரு கல்லை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் இறக்கினான். பழுப்பு நிறத்தில், தயிராடை மாதிரி வழவழவென்று இருந்தது. முத்துக்கனி அதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். தொடாதே அக்கா, கையிலிருக்கிற பிசுக்கு பட்டால் அதுவும் அச்சில் விழும் என்றான். அவள் சட்டென்று கையை இழுத்து, விரல்களை முந்தானையில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

கழற்றி வைத்திருந்த கண்ணாடியை மறுபடியும் ஆணியில் மாட்டினான். அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கண்ணாடியில் தெரிகிறபடியே கல்லில் வரைந்துவிட்டால் போதும். காகிதத்தில் எல்லாம் அதனதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். எதிரெதிரே உட்கார்ந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் முழுதாகப் பார்க்க முடியாமல் இருந்தவர்கள், இப்போது கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டார்கள். அங்கே அது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

“கதையில அவள என்ன செய்யப் போறீய?” என்று கேட்டாள்.

“கொல்லச் சொல்லிருக்காவ. கால்ல விழுந்து, தல குனிஞ்சு கெடக்கணுமாம்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “கொன்னா கொல்லட்டும். தலையக் குனிஞ்சு மட்டும் வைக்காத. குனிஞ்சா காது தெரியாது.”

பிறகு முந்தானையைக் கழுத்துவரை இறக்கினாள். கண்ணாடியில் முதலில் அறுந்த காது வந்தது. இரண்டு மெல்லிய கயிறுகள். நுனியில் வெள்ளையாகிப் போன பழைய தழும்பு. ஏழு வயதுக் கை இழுத்த இடம். அவள் மெதுவாக முகத்தைத் திருப்ப, மற்றக் காது வந்தது. நீண்டு தோள்மேல் இறங்கிய சதை, அதன் அடியில் அரக்கு வைத்த தங்கம், ஓரமெல்லாம் தேய்ந்து மழுங்கி. இயந்திரம் ஓடுகிற அதிர்வு தரைவழியாக ஏறி நாற்காலிக்கு வந்து, அவள் உடம்பைத் தாண்டி, அந்தப் பாம்படத்தின் நுனியில் போய் நின்று நடுங்கியது. அவன் கோடு போடக் காத்திருந்தான். நடுக்கம் நிற்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்தான்.

வாசல்வரை போய், “அண்ணாச்சி, மிசினக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க” என்றான்.

வேலை நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னால் கிருபாநிதி யாராயிருந்தாலும் கடித்துக் குதறிவிடுவார். இன்று அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெரிய சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி, மூச்சு விட்டு நின்றது. எங்கிருந்தோ கடல் சத்தம் உள்ளே வந்தது. தோணித்துறைப் பக்கம் யாரோ பாய்க்கயிறு இழுத்துக்கொண்டே ஏலேலோ என்று குரல் கொடுத்தார்கள். முத்துக்கனி கண்ணை மூடிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, ஒரு பக்கமாகத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்குள் பாம்படம் ஒரு முறை ஆடியது, அரை முறை ஆடியது, பிறகு அசையாமல் நின்றது.